மாடும் கோடாலியும் காப்பாத்துன காடு: எப்பிங் ஃபாரஸ்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் சென்ட்ரல் லைன்ல லௌட்டன் ஸ்டேஷன்ல இறங்கி, ஊரைத் தாண்டி மேட்டுல ஏறி நடந்தா இருபது நிமிஷத்துல காடு வந்துடும். உள்ள போன உடனே கண்ணுல படுறது மரங்களோட வடிவம்தான். நேரா வளர்ந்த மரம் கம்மி. ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் தடிச்ச அடிமரம், அதோட உச்சி வீங்கிப்போய் முட்டி முட்டியா இருக்கும், அந்த முட்டியிலேர்ந்து எட்டு பத்து கை வானத்தைப் பார்த்துக் கிளம்பும், ஒவ்வொரு கையும் தனி மரம் அளவுக்குப் பெருசு. முதல் தடவை பார்த்தப்போ ஏதோ நோய்னு நினைச்சேன். பல நூறு வருஷமா மனுஷங்க அதே இடத்துல திரும்பத் திரும்ப வெட்டுன தழும்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 1878 வாக்குல அந்த வெட்டு நின்னுபோச்சு, அதுக்கப்புறம் பெரும்பாலான மரத்தை யாரும் தொடல, அதனால அந்தக் கைகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வயசு.

ஏன் வெட்டுனாங்க, ஏன் நின்னுச்சு, நின்னதுக்கு அப்புறம் காட்டுக்கு என்ன ஆச்சு, இந்த மூணையும் தான் இங்க பாக்கப் போறோம். இந்தக் காடு பிளாட் போட்டு வித்துப் போகாம இன்னிக்கு இருக்குன்னா அதுக்குக் காரணம் விறகு வெட்டுனவங்களும் மாடு மேய்ச்சவங்களும்தான். ஆனா காட்டைக் காப்பாத்த வந்த சட்டமே அந்த விறகு வெட்டுற உரிமைக்கு முடிவு கட்டுச்சு. இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

எப்பிங் ஃபாரஸ்ட் லண்டனுக்கு வடகிழக்குல, எசெக்ஸ் பக்கமா நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு ஒல்லியான காடு. தெக்க ஃபாரஸ்ட் கேட், மேனர் பார்க் பக்கத்துல ஆரம்பிச்சு வடக்க எப்பிங் ஊர் வரைக்கும் சுமார் 19 கிலோமீட்டர் நீளம், பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர், அதாவது 6,000 ஏக்கர். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ்ல வாக்கிங் போறாங்க, கிரிக்கெட் ஆடுறாங்க, அந்தப் புல்வெளியும் சட்டப்படி எப்பிங் ஃபாரஸ்ட்தான்னு பலருக்குத் தெரியாது. காட்டோட முதுகெலும்பு ரெண்டு ஆத்துக்கு நடுவுல, மேற்க லீ ஆறு, கிழக்க ரோடிங் ஆறு, நடுவுல ஒரு மேடு. மேட்டு உச்சியில கூழாங்கல்லும் மணலும், அடியில லண்டன் களிமண். இந்த மண்ணுல நெல்லா கோதுமையான்னு யோசிக்கிற அளவுக்கு விவசாயம் எடுபடாது, காடு காடாவே தங்குனதுக்கு முதல் காரணம் அதுதான். மேட்டுல பீச் மரம், சரிவுல களிமண் வர்ற இடத்துல ஹார்ன்பீம், அங்கங்க ஓக்.

ஆனா இந்த பீச்சும் ஹார்ன்பீமும் ஆதியிலேர்ந்து இங்க ராஜாவா இருந்ததில்ல. காட்டுக்குள்ள சேத்து நிலத்துல படிஞ்சு கிடந்த மகரந்தத்தைத் தோண்டி எடுத்து 1970-கள்ல ஆராய்ச்சி பண்ணாங்க, 1978-ல முடிவு வெளிவந்துச்சு. அதுல தெரிஞ்சது என்னன்னா, புதிய கற்காலத்துலேர்ந்தே இங்க மரப் போர்வை தொடர்ச்சியா இருந்திருக்கு, ஆனா பல ஆயிரம் வருஷம் அது பெரும்பாலும் சின்ன இலை லைம் மரக் காடு. லைம்னா எலுமிச்சை இல்ல, அது வேற மரம், இதயம் மாதிரி இலை வச்ச பெரிய மரம். சாக்சன் ஜனங்க இங்கிலாந்துல குடியேறுன காலத்தை ஒட்டித்தான் லைம் குறைஞ்சு பீச், ஓக், பிர்ச் எல்லாம் மேல வருது. மேய்ச்சலும் வெட்டும் அதிகமானா லைம் தாங்காது, அதோட குருத்து மாட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக நாம இயற்கைன்னு நினைச்சு ரசிக்கிற பீச் காடே மனுஷனும் மாடும் சேர்ந்து உருவாக்குன காடு.

அதுக்கும் முன்னாடியே மனுஷன் இங்க இருந்திருக்கான். லௌட்டன் கேம்ப், ஆம்பிரஸ்பரி பேங்க்ஸ்னு ரெண்டு இரும்புக் கால மண்கோட்டை காட்டுக்குள்ளேயே இருக்கு, ரெண்டும் 2,000 வருஷத்துக்கு மேல பழசு. ஆம்பிரஸ்பரி பேங்க்ஸ்லதான் பழைய பிரிட்டன் ராணி பூடிக்கா ரோமானியப் படையோட கடைசியா மோதுனான்னு ஒரு கதை சொல்லுவாங்க, அதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இப்போ அந்த மண்மேட்டு மேல பெரிய பெரிய பீச் மரம் வேரை விரிச்சு உக்காந்திருக்கு.

ராஜாவுக்கு மான், ஜமீனுக்கு மண், ஊருக்கு விறகு

இடைக்கால இங்கிலாந்துல 'ஃபாரஸ்ட்'னா மரம் அடர்ந்த இடம்னு அர்த்தம் கிடையாது. ராஜாவோட மான் ஓடுற இடம், தனிச் சட்டம் நடக்குற இடம், அதுதான் ஃபாரஸ்ட். அதுக்குள்ள வயல் இருக்கலாம், ஊரே இருக்கலாம். பன்னெண்டாம் நூற்றாண்டுல இந்தப் பகுதி ராஜாவோட ஃபாரஸ்ட் சட்டத்துக்குக் கீழ வந்துடுச்சு. 1217-ல வந்த ஃபாரஸ்ட் சாசனம் சாதாரண ஜனங்களோட பழைய உரிமைகளை ஓரளவுக்கு எழுத்துல கொண்டுவந்துச்சு.

இங்க ஒரு விஷயத்தை நிதானமா புரிஞ்சுக்கணும், ஏன்னா பின்னாடி நடக்குற கோர்ட் கேஸ் முழுக்க இதுமேலதான் நிக்குது. ஒரே நிலத்துல மூணு பேருக்கு உரிமை. மான் ராஜாவுக்கு. மண்ணு 'லார்ட் ஆஃப் த மேனர்'ங்கிற உள்ளூர் நிலப்பிரபுவுக்கு, நம்ம ஊர் ஜமீன்தார் மாதிரின்னு வச்சுக்கலாம். அந்த மண்ணுல முளைக்கிற புல்லும் கிளையும் ஊர்க்காரங்களுக்கு, அவங்களுக்குப் பேரு காமனர். இது நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி தோணும், ஆனா அது அரசாங்க நிலம், இங்க நிலத்துக்கு ஓனர் உண்டு, ஆனா அந்த ஓனர் நினைச்ச மாதிரி வேலி போட முடியாது, ஏன்னா மேல இருக்குற புல்லு அவருது இல்ல. மானுக்கும் வேலி ஆகாது, அதனால ராஜாவும் வேலி போட விடமாட்டாரு. இப்படி மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு வச்சிருந்ததாலதான் காடு பல நூற்றாண்டு திறந்தே கிடந்துச்சு.

காமனர் உரிமையில முக்கியமானது ரெண்டு. ஒண்ணு மாடு மேய்க்கிறது, ஒவ்வொரு பாரிஷுக்கும், அதாவது ஒரு சர்ச்சை ஒட்டுன ஊர்ப் பிரிவுக்கும், ஒரு சூட்டுக்குறி உண்டு, மாட்டு மேல அதைப் போட்டுத்தான் காட்டுக்குள்ள விடணும். இன்னொண்ணு விறகுக்குக் கிளை வெட்டுறது. இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும், யோசிச்சுப் பாருங்க. மரத்தை அடியோட வெட்டுனா துளிர் தரையிலேர்ந்து வரும், வந்த உடனே மாடும் மானும் தின்னுடும், மரம் செத்துடும். அதனால மாட்டோட வாய் எட்டாத உயரத்துல, ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன, கிளையை மட்டும் கழிக்கணும். பத்து பதினஞ்சு வருஷம் விட்டா அதே இடத்துல திரும்ப விறகு தயார். இப்படிக் கழிச்ச மரத்துக்குப் பேருதான் போலார்ட். கீழ மேய்ச்சல், மேல விறகு, ஒரே நிலத்துல ரெண்டு வெள்ளாமை. அந்த விநோத வடிவத்துக்கு இதுதான் காரணம், வேற எந்த மர்மமும் கிடையாது.

ஹார்ன்பீம் இதுக்குன்னே பொறந்த மரம். இரும்பு மாதிரி கட்டை, நின்னு எரியும், சூடு அதிகம். லண்டன் பக்கத்துலயே இருந்ததால விறகுக்கும் கரிக்கும் கிராக்கிக்குப் பஞ்சமே இல்ல. இன்னொரு விஷயம், இப்படி அடிக்கடி கழிச்ச மரம் சாதாரண மரத்தைவிட ரொம்ப வருஷம் உயிரோட இருக்கும். தலைப் பாரம் ஏறாது, காத்துல சாயாது, உள்ள பொந்து விழுந்தாலும் ஓடு மாதிரி வெளிப்பக்கம் தாங்கிக்கும். பீச் மரம் சும்மா விட்டா பெரும்பாலும் 250, 300 வருஷத்துல முடிஞ்சுடும், இங்க கழிச்ச பீச் அதையெல்லாம் தாண்டி நிக்குது. எப்பிங்ல இப்படிப்பட்ட பழைய மரம் 50,000-க்கு மேல இருக்குன்னு கணக்கு. ஐரோப்பாவுலயே இவ்வளவு நெருக்கமா இருக்குற இடம் அபூர்வம்.

ராஜாக்கள் வேட்டைக்கும் வந்தாங்க. எட்டாம் ஹென்றிக்காக 1543-ல சிங்ஃபோர்டுல கட்டுன மரச்சட்ட மாடம் இப்பவும் நிக்குது, மேல நின்னு வேட்டையைப் பாக்கவும் அம்பு விடவும் கட்டுனது, ஆனா இன்னிக்கு அதுக்குப் பேரு எலிசபெத் ராணி வேட்டை மாளிகை. வழிப்பறிக்காரன் டிக் டர்பின் 1730-கள்ல இந்தக் காட்டுல ஒளிஞ்சிருந்தான், 1737-ல அவனைப் பிடிக்க வந்த காட்டுக் காவலரோட வேலையாளைச் சுட்டுக் கொன்னான். அவனைப் பத்திதான் எல்லா கைடும் பேசும். எனக்கு அவன் பெரிய விஷயமா படல. ஹை பீச்ல இருந்த மனநல விடுதியில 1837 முதல் 1841 வரைக்கும் இருந்து, அங்கேர்ந்து தப்பிச்சு வீட்டுக்கு 80 மைல் நடந்தே போன கவிஞர் ஜான் கிளேரைத்தான் நான் அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் நினைச்சுக்குவேன். அவர் சொந்த ஊருல பொது நிலத்துக்கு வேலி போட்டதைப் பாத்து நொந்து எழுதுனவர், அவர் வந்து சேர்ந்த காடும் இன்னும் கொஞ்ச வருஷத்துல அதே வேலிக்குச் சிக்கப்போகுதுன்னு அவருக்கு அப்போ தெரிஞ்சிருக்காது.

வேலி வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டுல அந்த மூணு கால் முக்காலி ஆட ஆரம்பிச்சுது. ராஜகுடும்பத்துக்கு மான் வேட்டையில ஆர்வம் போச்சு. 1851-ல பக்கத்துல இருந்த ஹெய்னால்ட் ஃபாரஸ்டுக்கு ஃபாரஸ்ட்ங்கிற அந்தஸ்தையே எடுத்துட்டாங்க. எடுத்த வேகத்துல மரத்தை வேரோட பிடுங்கி, நீராவி மிஷின் வச்சு இழுத்து, நிலத்தை உழுதுட்டாங்க. பல நூறு வருஷக் காடு கொஞ்ச நாள்ல வயலாச்சு. லண்டன்காரங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி, அடுத்தது எப்பிங்தான்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

எப்பிங்ல அரசாங்கம் வேற வழியில போச்சு. ராஜாவோட ஃபாரஸ்ட் உரிமையை ஏக்கருக்குச் சுமார் 5 பவுண்ட்னு அந்தந்த நிலப்பிரபுகிட்டயே வித்துடுச்சு. மானோட உரிமையை வாங்கியாச்சு, மண்ணு ஏற்கனவே நம்மளுது, அப்போ வேலி போடலாம்னு பிரபுக்கள் கிளம்பிட்டாங்க. 1856-ல லௌட்டனுக்கு ரயில் வந்து, வீட்டுமனைக்கு மதிப்பு ஏறிடுச்சு. 1850 வாக்குல சுமார் 6,000 ஏக்கர் திறந்து கிடந்துச்சு, இருபது வருஷத்துல அதுல பாதிதான் மிச்சம்.

லௌட்டன் மேனருக்கு, அதாவது அந்த ஊர் ஜமீன் நிலத்துக்கு, பிரபு ஜான் விட்டேக்கர் மெயிட்லேண்ட், அந்த ஊர் சர்ச்சுக்குப் பாதிரியாரும் அவரேதான். 1860-கள்ல ஆயிரம் ஏக்கருக்கு மேல அவர் வேலி போட்டு அடைச்சாரு. அந்த ஊர்ல நவம்பர் 11-லேர்ந்து ஏப்ரல் 23 வரைக்கும் கிளை வெட்ட எல்லாருக்கும் உரிமை இருந்துச்சு. நவம்பர் 11 பொறக்குற நடுராத்திரியில யாராவது ஒருத்தர் போய் முதல் வெட்டு வெட்டியே ஆகணும், ஒரு வருஷம் தவறுனாலும் உரிமை மொத்தமா போயிடும்னு ஊர்ல நம்பிக்கை. அதை விடாம வருஷா வருஷம் செஞ்சவர் தாமஸ் வில்லிங்கேல், விறகு வெட்டிப் பிழைச்ச வயசான உழைப்பாளி. ஊர்ல ஒரு கதை உண்டு. ஒரு வருஷம் அந்த ராத்திரி விறகு வெட்டுறவங்களுக்கெல்லாம் பப்ல பெரிய விருந்து வச்சாங்களாம், குடிச்சு மயங்கி நடுராத்திரியைத் தவற விடட்டும்னு திட்டமாம், வில்லிங்கேல் மட்டும் சத்தமில்லாம எந்திரிச்சுப் போய் ஒரு கிளையை வெட்டிக் கொண்டாந்து எல்லார் முன்னாடியும் போட்டாராம். நடந்துச்சோ இல்லையோ, அந்தக் கதையை இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க.

நிச்சயமா நடந்தது இது. வேலி போட்டதுக்கு அப்புறமும் வில்லிங்கேல் குடும்பம் உள்ள போய் வெட்டுச்சு, அவரோட மகன் உட்பட மூணு பேரை ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. குளிர்காலத்துக்கு விறகு வெட்டுனதுக்கு ஜெயில். அந்தச் செய்தி லண்டன் வரைக்கும் போச்சு. 1865-லதான் காமன்ஸ் பிரிசர்வேஷன் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க, ஜார்ஜ் ஷா லெஃபீவர் தலைமையில. அவங்களும் செல்வாக்கான பக்ஸ்டன் குடும்பமும் பின்னாடி நின்னு, 1866-ல வில்லிங்கேல் பேர்ல மெயிட்லேண்ட் மேல கேஸ் போட்டாங்க.

இந்தக் கேஸ்ல ஒரு பெரிய சட்டச் சிக்கல். இங்கிலாந்து சட்டத்துல 'ஊர்ல குடியிருக்குறவங்க எல்லாரும்'னு பொத்தாம் பொதுவா இருக்குற கூட்டத்துக்கு, இன்னொருத்தர் நிலத்துலேர்ந்து எதையும் எடுத்துட்டுப் போற உரிமையை வழக்கத்தால மட்டும் நிரூபிக்க முடியாது, ராஜா குடுத்த சாசனம்னு ஏதாவது இருந்தாதான் நிக்கும். எலிசபெத் ராணி குடுத்தாங்கன்னு ஊர்ல சொன்னாங்க, காகிதம் யார்கிட்டயும் இல்ல. ஆனாலும் கோர்ட் கேஸை ஆரம்பத்துலயே தள்ளிவிடல, அப்படி ஒரு சாசனம் இருந்திருந்தா அது செல்லும்னு ஏத்துக்கிட்டு மேல நடத்த விட்டுச்சு. கேஸ் இழுத்துச்சு. 1870-ல வில்லிங்கேல் செத்துட்டாரு, வாதி இல்லாததால கேஸும் அவரோட போச்சு. நாலு வருஷம் தனக்கு எதிரா இருக்குற ஊர்ப் பெரிய மனுஷன் கண்ணு முன்னாடி வாழ்ந்துக்கிட்டு, அந்த வயசுல பின்வாங்காம நின்னாரு அந்த மனுஷன். அவர் பட்ட பாட்டுக்குத் தீர்ப்பைப் பாக்க குடுத்துவைக்கல.

ஒரு கல்லறை நிலமும் ஊர் சுத்துன மாடும்

1871 ஜூலை 8, சனிக்கிழமை. வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ்ல அந்த இடத்துப் பிரபு எர்ல் கௌலி போட்டிருந்த வேலியை எதிர்த்து ஈஸ்ட் எண்ட் ஜனங்க ஆயிரக்கணக்குல கூடுனாங்க. கூட்டம் முடிஞ்சதும் ஜனங்க வேலியைப் பிச்சுத் தூக்கிப் போட்டுட்டாங்க. ஆறு நாள் ஃபேக்டரி, கப்பல் துறைன்னு உழைச்ச ஜனங்களுக்கு ஞாயித்துக்கிழமை காத்து வாங்க இருந்த கொஞ்ச இடத்துல ஒண்ணு அது, கோவம் வராம என்ன செய்யும்.

அதே வருஷம்தான் கதையில பெரிய திருப்பம். லண்டன் நடுவுல இருக்குற பழைய நகரப் பகுதியை ஆளுற சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் (சுருக்கமா சிட்டி) ஊருக்குள்ள பிணம் புதைக்க இடம் இல்லாம, 1850-கள்ல லிட்டில் இல்ஃபோர்டு பாரிஷ்ல ஒரு பண்ணையை வாங்கிக் கல்லறை கட்டியிருந்துச்சு. மேனர் பார்க் சர்ச் ரோட்டு முருகன் கோயிலுக்குப் போனவங்களுக்கு அந்த ஏரியா தெரியும், கோயில் இருக்குறதும் பழைய லிட்டில் இல்ஃபோர்டுதான், கொஞ்சம் வடக்க போனா அந்தக் கல்லறை. அந்தப் பாரிஷ் நிலத்தை வச்சிருக்குறவருக்கு ஃபாரஸ்ட்ல மாடு மேய்க்கிற உரிமை கூடவே வருது. ஆக பணம் கொழிச்ச ஒரு நகராட்சி, ஒரு கல்லறையால, சட்டப்படி எப்பிங் காமனர் ஆயிடுச்சு. நிலத்தோட ஒட்டுன உரிமைங்கிறதால வில்லிங்கேலுக்கு இருந்த சாசனச் சிக்கல் இவங்களுக்கு இல்ல. 1871 ஆகஸ்ட் 14-ல மேனர் பிரபுக்கள் மேல மொத்தமா கேஸ் போட்டாங்க. வழக்குக்குப் பழைய ரெக்கார்டைத் தேடித் தோண்டுன வேலையில பெரிய பங்கு சொசைட்டியோட வக்கீல் ராபர்ட் ஹண்டருக்கு, பின்னாடி 1895-ல நேஷனல் ட்ரஸ்ட் ஆரம்பிச்ச மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

பிரபுக்களோட வாதம், உரிமை இருந்தாலும் அந்தந்த மேனருக்குள்ள மட்டும்தான், தனித்தனியா பேசித் தீர்த்துக்கலாம்ங்கிறது. சிட்டியோட வாதம், இல்ல, ஒரு காமனரோட மாடு காடு முழுக்க எங்க வேணும்னாலும் மேயலாம்ங்கிறது. இதுக்கு என்ன ஆதாரம்? மாடுதான் ஆதாரம். மாட்டுக்கு மேனர் எல்லை தெரியாது, நடுவுல வேலி இருந்ததே இல்ல, பல நூறு வருஷமா அது பாட்டுக்கு ஒரு மேனர்லேர்ந்து இன்னொரு மேனருக்குப் போய் மேஞ்சிருக்கு, யாரும் தடுத்ததில்ல, பழைய ஃபாரஸ்ட் கோர்ட் ஏடுகள்லயும் அப்படித்தான் இருந்துச்சு. 1874 நவம்பர்ல நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸல் தீர்ப்பு சொன்னாரு, மாடு ஜெயிச்சுது. கேஸ் போட்ட தேதிக்கு இருபது வருஷம் முன்னாடி, அதாவது 1851 ஆகஸ்ட் 14-க்கு அப்புறம் போட்ட வேலி எல்லாம் சட்டவிரோதம்னு ஆச்சு.

அதுக்கப்புறம் 1878-ல எப்பிங் ஃபாரஸ்ட் சட்டம். காட்டை சிட்டியே வாங்கி, என்னிக்கும் வேலி போடாம, கட்டடம் கட்டாம, ஜனங்களோட பொழுதுபோக்குக்குத் திறந்து வைக்கணும், காட்டோட இயற்கையான தோற்றத்தைக் காப்பாத்தணும்னு சட்டம் சொல்லுது. லண்டனுக்கு வர்ற தானியத்து மேல சிட்டி வசூலிச்ச வரிப் பணம் இதுக்கு உதவுச்சு. காமனர்களே ஓட்டுப் போட்டு ஏழு வருஷத்துக்கு ஒருதடவை நாலு வெர்டரர்களை, அதாவது காட்டு நிர்வாகத்துல பங்கெடுக்குற பிரதிநிதிகளை, தேர்ந்தெடுக்குற வழக்கம் இன்னிக்கும் இருக்கு, பேரு ராஜா காலத்துப் பேரு. 1882 மே 6-ந்தேதி விக்டோரியா ராணி ஹை பீச்சுக்கு வந்து, இந்த அழகான காட்டை என்னிக்கும் என் ஜனங்களோட உபயோகத்துக்காக அர்ப்பணிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஜெயிச்ச அப்புறம்

மேய்ச்சல் உரிமையைச் சட்டம் விட்டு வச்சுது. கிளை வெட்டுற உரிமையை நஷ்டஈடு குடுத்து முடிச்சு வச்சுது. லௌட்டன் ஜனங்களுக்காக 7,000 பவுண்ட் ஒதுக்கி, அதுல ஊர்ப் பொது மண்டபம் ஒண்ணு கட்டுனாங்க, 1884-ல திறந்தாங்க, பேரு லாப்பிங் ஹால், லாப்பிங்னா கிளை வெட்டுறது. இன்னிக்கும் நாடகம், கிளாஸ் எல்லாம் நடக்குது, நல்ல கட்டடம்தான். தாமஸ் வில்லிங்கேல் பேர்ல ஊர்ல ஒரு ஸ்கூலும் ஒரு ரோடும் இருக்கு. ஆனா குளிருக்கு விறகு வேணும்னு ஜெயிலுக்குப் போன குடும்பத்துக்கு அந்த ஹால் எப்படி ஈடாகும்னு எனக்கு இப்பவும் புரியல.

அந்தக் கால விக்டோரியன் ரசனைக்கு போலார்ட் மரம் அசிங்கம், ஊனம். நல்ல காடுன்னா நெட்டையா, கம்பீரமா நிக்குற மரம்னு நினைச்சாங்க. சட்டத்துல பாதுகாக்க வேண்டிய லிஸ்ட்ல போலார்ட்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு, ஆனா பாதுகாக்குறதுன்னா கோடாலி படாம விடுறதுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. சில இடத்துல அதுக்கும் மேல போய், பெரிய மரம் வளர இடம் வேணும்னு போலார்ட்களை அடியோட வெட்டித் தள்ளுனாங்க. 1895-ல எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் பேப்பருக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டாரு. வால்தம்ஸ்டோவுல பொறந்து சின்ன வயசுல இந்தக் காட்டுல சுத்துனவர், இந்தக் காட்டோட தனித்தன்மையே கழிச்ச ஹார்ன்பீம்தான்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நிபுணர்களைவிட அவர் கண்ணு சரியா பாத்துச்சு. பரிணாமக் கொள்கையில டார்வினுக்கு இணையா நின்ன ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்கூட 1878-ல இந்தக் காட்டுக்கு சூப்பரிண்டெண்ட் வேலை கேட்டாரு, கிடைக்கல. வெறும் நிலமா இருக்குற இடத்துல பல நாட்டு மிதவெப்பக் காடுகளை நட்டுக் காட்டலாம்னு அவர் யோசனை, அது நடக்காம போனது நல்லதுக்குத்தான்னு நினைக்கிறேன்.

வெட்டு நின்னதும் என்ன ஆச்சு? முன்னாடி ஒவ்வொரு குளிர்காலத்துலயும் காட்டுல அங்கங்க வெளிச்சம் விழும், புல்லு, ஹெதர் செடி, பூ, பூச்சி எல்லாம் அந்த வெளிச்சத்தை நம்பி இருந்துச்சு. கைகள் வளர்ந்து மேல கூரை மூடிடுச்சு, கீழ இருட்டு. பீச் காட்டுக்குள்ள நடந்தா காய்ஞ்ச இலையும் வெறும் மண்ணும்தான், முள்ளிலை ஹாலி மட்டும் புதரா ஏறுது. மரத்துக்கும் ஆபத்து. நானூறு வருஷத்துப் பொந்து விழுந்த அடிமரம் பத்து பதினஞ்சு வருஷத்துக் கிளையைத் தாங்கத்தான் பழகியிருக்கு, 140 வருஷத்துக் கையை எப்படித் தாங்கும்? காத்தடிச்சா நடுவுல பிளந்து நாலு பக்கமும் விழுது. பல இடத்துல அப்படி விழுந்த மரத்தைப் பாக்கலாம், பூ விரிஞ்ச மாதிரி கிடக்கும், பாக்கவே கஷ்டமா இருக்கும்.

மாடும் குறைஞ்சுபோச்சு. லண்டன் வளர வளர மாடு வச்சிருக்குறவங்க குறைஞ்சாங்க, ரோட்டுல கார் கூடுச்சு. ஆனாலும் 1990-கள் வரைக்கும் வான்ஸ்டெட், லேட்டன்ஸ்டோன் தெருக்கள்ல மாடு சுத்தும், டிராஃபிக்கை நிறுத்தும், வீட்டுத் தோட்டத்துல நுழைஞ்சு மேயும், பழைய ஆளுங்ககிட்ட கேட்டா ஆசையா சொல்லுவாங்க. 1996-ல மாட்டுப் பைத்திய நோய் பிரச்சனையில அது நின்னுச்சு. மேய்ச்சல் நின்ன இடமெல்லாம் பிர்ச் கன்னு முளைச்சு, ஹெதர் வெளி மூடிக்கிட்டே வந்துச்சு. 2002-லேர்ந்து கொம்பு வளைஞ்ச இங்கிலீஷ் லாங்ஹார்ன் மாடுகளைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. வேலி போடக் கூடாதுன்னு சட்டம், மாடு ரோட்டுக்கும் வரக் கூடாது. அதனால கழுத்துல ஜிபிஎஸ் பட்டை, எல்லை கிட்ட போனா பட்டை சத்தம் குடுக்கும், அதையும் தாண்டுனா லேசா ஒரு ஷாக், மாடுங்க சத்தத்துலயே திரும்பிடக் கத்துக்குது. எல்லை தெரியாத மாடு கேஸை ஜெயிச்சுக் குடுத்த அதே காட்டுல இப்போ கண்ணுக்குத் தெரியாத எல்லை.

மரத்தை மறுபடி கழிக்கலாம்ல, அதுதான் கஷ்டம். நூறு வருஷத்துக்கு மேல விட்ட பீச்சை ஒரேயடியா தலை வெட்டுனா பல மரம் துளிர்க்காமலே செத்துடுது, பழைய பட்டையில உறங்குற மொட்டு இல்ல. ஹார்ன்பீம் கொஞ்சம் தாங்கும், பீச் பிடிவாதம். அதனால இப்போ உச்சியைக் கொஞ்சம் குறைச்சு, சில வருஷம் விட்டு, துளிர் வந்தா இன்னும் கொஞ்சம் இறக்கி, ஒரே மரத்துக்குப் பல பத்து வருஷம் திட்டம் போட்டு மரம் ஏறுறவங்க வேலை செய்றாங்க. முன்னாடி ஒரு விறகு வெட்டி ஒரு காலையில முடிச்ச வேலை.

இவ்வளவு பாடு எதுக்குன்னா, அந்தப் பொந்துலதான் இந்தக் காட்டோட உயிரே இருக்கு. உளுத்த கட்டையை நம்பி வாழுற வண்டுகள், மான் கொம்பு மாதிரி தாடை வச்ச ஸ்டாக் பீட்டில், அபூர்வக் காளான். பீச் மரத்துல கிளை வெட்டுன தழும்புக் குழியில மழைத் தண்ணி தேங்கி, அது வழிஞ்சு இறங்குற தடத்துல மட்டும் வளர்ற ஒரு சின்னப் பாசி இருக்கு, நாட்ஹோல் மாஸ்னு பேரு. நாட்டுலயே ரொம்பக் கொஞ்ச இடத்துலதான் அது உண்டு, எப்பிங் அதுல முக்கியமான இடம். ஒரு பாசியே கோடாலித் தழும்பை நம்பி வாழுது. அதுக்கு மேல இப்போ காரோட நைட்ரஜன் புகை வேற. லண்டனைச் சுத்தி வர்ற எம்25 மோட்டார்வேயை எப்பிங் கிட்ட பெல் காமன்ல சுரங்கமா புதைச்சாங்க, மேல கிரிக்கெட் மைதானம் இருக்கு, ஆனா காட்டைக் குறுக்க வெட்டுற மத்த ரோடெல்லாம் திறந்துதான் கிடக்கு, ரோட்டோரப் பீச் மரங்களோட உச்சி மெலிஞ்சு தெரியுறதை நடந்து போறவங்களே பாக்கலாம்.

பழைய மரம் ஒரு நாள் போகத்தான் போகும், அதோட இடத்துக்கு வாரிசு வேணும். இதுவரைக்கும் கத்தியே படாத இளம் ஹார்ன்பீம், ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஆள் உயரத்துக்கு மேல முதல் வெட்டு போட ஆரம்பிச்சிருக்காங்க. அப்படி ஒரு கன்னைப் பக்கத்துல போய்ப் பாத்தேன். மணிக்கட்டு அளவு கிளைங்க, வெட்டுன வட்டம் வெள்ளையா, அதைச் சுத்தி விரல் நீளத்துக்குத் துளிர் கிளம்பியிருந்துச்சு. கொஞ்சம் தள்ளி ரெண்டு லாங்ஹார்ன் மாடு புல்லுல படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு, துளிர் அதுங்க வாய்க்கு எட்டாத உயரத்துல.